கருவாட்டுச் சம்பலோடு பனியாற்றுக்கு

என் மனைவி இருபத்திரண்டு வருடம் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையின் குளிர் அறைக்குள் நின்று, உறைந்த மரக்கறி பொதி செய்தவர். ஓய்வு பெற்றதும் எங்கே போகலாம் என்று கேட்டேன். கியூபா, மெக்ஸிக்கோ என்று வெயில் காயும் இடமாகச் சொல்லுவார் என்று பார்த்தால், "அலாஸ்காவுக்கு" என்றார்.

"ஐஸுக்கை நிண்டது காணாதோ?"

"அது ஆரோ மெசினாலை செய்த குளிர். ஒருத்தரும் செய்யாத ஐஸை ஒருக்காக் கையாலை தொடவேணும். அவ்வளவுதான்."

அப்படித்தான் நாங்கள் கப்பல் ஏறினோம். ஜூனோ துறைமுகத்தில் கப்பல் ஒரு பகல் நிற்கும். மலையிலிருந்து உறைந்தபடியே இறங்கும் பனியாற்றுக்குக் கூட்டிப்போகக் கப்பல்காரர்களே வண்டி வைத்திருந்தார்கள். வேண்டாம் என்றது நான். ரொறன்ரோவில் முப்பது வருடம் பஸ் மாறி மாறி வேலைக்குப் போனவனுக்கு, கொடி பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க ஓர் ஆள் எதற்கு? "நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். என்னில் நெஞ்சுக்கு முதல் வயிறு நிமிரும் என்பது வேறு விஷயம்.

ஊர் பஸ்ஸில் ஏறினோம். சரியான இலக்கப் பஸ்தான். எதிர்ப்பக்கம் போனது. அதிலேயே ஒரு மணித்தியாலம் போயிற்று. திரும்பி வந்து ஒருவழியாக இறங்கவேண்டிய இடத்தில் இறங்கும்போது சாரதி, பனியாற்று வாசலுக்கு இங்கிருந்து அரை மணித்தியால நடை என்றார்.

"ஆரின்ரை நடையிலை, உங்கடையோ?" என்று மனைவி என்னைப் பார்த்துக் கேட்டார்.

வாசலை அடைந்தபோது இரண்டு இருபது. ஏரிக்கு அக்கரையில் நீலமும் வெள்ளையுமாகப் பனியாறு தெரிந்தது. ஆனால் தொடுகிற தூரத்தில் ஐஸ் வேண்டுமென்றால், ஏரிக்கரையோடு போகும் பாதையில் அருவி வரை இன்னும் அரை மணித்தியாலம் நடக்கவேண்டும். மூன்று மணிக்கு அங்கிருந்து திரும்பினால்தான் கப்பலைப் பிடிக்கலாம்.

பாதை தொடங்குமிடத்தில் ஒரு காவலர் பெண் மறித்தார். கரடி உலாவும் இடம், சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோகக் கூடாது என்றார். நான் வாய் திறக்கவே இல்லை. என் தோள்பை மணத்தாலேயே காட்டிக்கொடுத்துவிட்டது. கப்பல் சாப்பாட்டில் உறைப்பு இருக்காது என்று ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் என் அக்கா பொரித்து அடைத்துத் தந்த கருவாட்டுச் சம்பல் முழுப் போத்தலும், அதைத் தடவிய பாண் துண்டுகள் எட்டும் உள்ளே இருந்தன. கரடி நாட்டுக்குக் கருவாட்டோடு போன ஆட்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

"அந்தக் கொட்டிலுக்கை இருந்து கெதியாச் சாப்பிட்டிட்டுப் போவம்" என்றேன்.

"பத்து நிமிசம் போயிடும்."

"அப்ப நான் பையோட இருக்கிறன். நீர் போய்த் தொட்டிட்டு வாரும்."

தியாகம் போல இருக்கிறதல்லவா? உண்மையில் என் புதுச் சப்பாத்து இடது குதிக்காலைத் தின்றுகொண்டிருந்தது. மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். பையை வாங்கிக்கொண்டு இரும்புக் குப்பைத்தொட்டியை நோக்கி நடந்தார். கரடிக்குத் திறக்கத் தெரியாதபடி செய்த தொட்டி. முந்திக்கொண்டு போன எனக்கும் திறக்கத் தெரியவில்லை. அவர் மூடிக்கு அடியில் கையை விட்டு ஒரு இழுவை இழுத்தார். போத்தலும் பாணும் உள்ளே போயின.

"அக்காவுக்கு என்ன சொல்லுறது?"

"நல்லா இருந்தது எண்டு சொல்லுங்கோ. கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, கரடி உங்களைக் கருவாடு எண்டு நினைக்கப்போகுது."

பிறகு அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. இந்தப் பெண்ணோடு ஸ்காபரோவில் கடைக்கு நடந்தால் ஐந்து தரம் நின்று ஐந்து பேரோடு கதைப்பார். இங்கே நான் நொண்டி நொண்டி ஓடினேன். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அருவியின் இரைச்சல் கேட்டது.

பனியாறு இன்னும் தண்ணீருக்கு அப்பால்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்து உடைந்து மிதந்து வந்த ஒரு துண்டு, கரையிலிருந்து நாலைந்து அடி தள்ளித் தரை தட்டி நின்றது. எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் அளவு இருக்கும். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிந்தது. மனைவி சப்பாத்தைக் கழற்றினார், காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டினார்.

"கால் விறைச்சுப்போம்."

அவர் தண்ணீருக்குள் இறங்கிப் போய், இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் அழுத்தி வைத்தார். நான் போனைத் தூக்கிப் படமெடுத்தேன். ஒன்றில் என் விரல் விழுந்தது, மற்றதில் அவருடைய தலை இல்லை.

"படத்தை விடுங்கோ. வாங்கோ."

"மூண்டாகப் போகுதப்பா."

"எத்தினை நிமிசம் கிடக்கு?"

"ரெண்டு."

"அப்ப ரெண்டு நிமிசத்துக்கு வாங்கோ."

இறங்கினேன். குதிக்கால் வலி மட்டுமல்ல, குதிக்காலே இருக்கிறதா என்று தெரியவில்லை. அவருக்குப் பக்கத்தில் என் கையையும் வைத்தேன். அரை நிமிடத்தில் எடுத்துவிட்டேன். அவர் கடைசி நொடி வரை எடுக்கவில்லை.