இலை உதிர்த்த மரவாழை

நான் தொட்டியில் வளர்க்கும் மரவாழை, மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட் செடி, இலையெல்லாம் உதிர்த்து வெறும் தண்டாய் நிற்கிறது. "மாமி, இது பட்டுப்போச்சு. கிறிஸ்மஸுக்கு வீடு ஒதுக்கும்போ தூரப் போட்டிரட்டா?" என்று மருமகள் கேட்டாள்.

என் அம்மா கல்யாணமாகி வரும்போது குலசேகரத்திலிருந்து ஒரு மரவாழை கொண்டுவந்து, கிணற்றடிப் பலாமரத்தில் தேங்காய் மட்டைத் தொண்டோடு சேர்த்துக் கட்டினாள். பிறந்த வீட்டிலிருந்து வந்ததில் அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். மழை ஓய்ந்தால் இலை கொட்டிவிடும். மாசியில் அந்த மொட்டைத் தண்டிலேதான் வெள்ளைவெள்ளையாய்ப் பூக்கும்.

ஒரு கிறிஸ்மஸுக்கு அப்பாவின் அக்கா அதைப் பிய்த்தெடுத்தாள்.

"மயினி, அது சாகல்ல, உறங்குது" என்றாள் அம்மா.

"ஏட்டி, கோயில்காரங்க பாட்டுப் பாட வாற வீட்டுல சுள்ளியா தொங்கணும்? உனக்க வீட்டுல இருந்து வந்ததெல்லாம் உறங்கத்தான் செய்யும்!"

அப்பா சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

மாசியில் அது எருக்குழியில் கிடந்தபடியே பூத்தது. அத்தை அந்தப் பூவைப் பறித்துப்போய்க் கோயில் பீடத்தில் வைத்தாள். எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். அம்மா அன்றைக்குக் கோயிலுக்கு வரவில்லை. வயிறு சரியில்லை என்றாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"கிடக்கட்டும். மாசியில பூக்கும்" என்று மருமகளிடம் சொன்னேன். அவள் என் மகனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறக்கட்டும் என்று நானும் நிற்கிறேன்.