நாற்பதைத் தாண்டாத புனிதன்

புனிதனின் மோட்டார் சைக்கிள் நாற்பதைத் தாண்டி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஊர் ஈஜோக்கிலிருந்து செரண்டா தொழிற்சாலைக்கு, ஸ்டோர் வேலைக்கு, தினமும் அதே வேகம்தான். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகூட ஹாரன் அடித்துவிட்டு அவனை முந்திக்கொண்டு போகும். இப்படிப்பட்ட ஆள்தான் உலகத்திலேயே வேகமாக ஓடும் பெண்ணுக்குச் சட்டம் சொன்னான். அந்தப் பெண் நான்.

நிஜத்தில் இல்லை, மேசைமேல். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் புனிதன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். ஆளுக்கொரு சூப்பர் ஹீரோ. சேது சுவரை உடைப்பான், விஷாலினி பறப்பாள், நான் கண் இமைப்பதற்குள் ஊரைக் கடப்பேன். புனிதனுக்கு ஹீரோ கிடையாது, அவன் நடுவர். ஓர் ஆபத்தைக் கற்பனை செய்து சொல்வான். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம். அது நடக்குமா என்பதை, அச்செடுத்துக் கட்டிய விதிப்புத்தகத்தையும் பகடையையும் பார்த்து அவன் முடிவு செய்வான்.

கோலா சிலாங்கூர் முதல் ரவாங் வரை எங்கள் வட்டாரத்தை மணிலா அட்டையில் கட்டம் போட்டு வரைந்திருந்தான். எதைக் கேட்டாலும் ஸ்டோரில் சாமான் சரிபார்ப்பதுபோல வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பான். அதற்குள் என் கோப்பையில் மைலோ ஆறிப்போகும். ஆற்றின்மேல் ஓடலாம், ஆனால் நின்றால் மூழ்குவாய் என்பான். தோட்டத்துக்குள் நேராக ஓட முடியாது, ஒவ்வொரு செம்பனையையும் சுற்றித்தான் போக வேண்டும், அதற்கும் கட்டம் எண்ணு என்பான். உலகத்தில் எந்த மின்னல் மரத்தைச் சுற்றிப் போகிறது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியாக ஆடிய நாளில் ஆற்றுப் பாலத்தில் ஒரு பேருந்தைத் தொங்கவிட்டான். உள்ளே இருபத்து மூன்று பேர். ஆறு நொடியில் விழுந்துவிடும். சேதுவும் விஷாலினியும் ரவாங்கில் தீயோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தூக்கிக் கரையில் வைப்பேன், நாலு நொடி போதும் என்றேன். புனிதன் விரல் வைத்துப் படித்தான். பிறகு நிமிர்ந்தான்.

“வேகம் உனக்குத்தான் நித்தியா. நீ தூக்கிட்டுப் போறவங்களுக்கு இல்ல. கழுத்து முறிஞ்சிடும்.”

புத்தகத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. சொல்லாததை நடுவர் முடிவு செய்யலாம் என்று மட்டும் இருந்தது. நான் கத்தினேன். அவன் மசியவில்லை. எனக்கு வாய் நீளம்.

“நாப்பதுல போறவனுக்கு வேகத்தப் பத்தி என்னடா தெரியும்?”

சேதுவும் விஷாலினியும் சிரித்துவிட்டார்கள். புனிதன் சிரிக்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். அதோடு ஆட்டமும் நின்றது. பிறகு கோயிலில் பார்த்தால் அவன் தலையசைப்பான், நான் செருப்பைத் தேடுவேன். ஞாயிறு மத்தியானம் மழை பெய்தால் மட்டும் தகரக் கூரைச் சத்தமும், மார்க்கர் பேனா வாசனையும், பகடை மேசைக்கு அடியில் ஓடினால் நால்வரும் குனிந்து தேடியதும் நினைவுக்கு வரும். அந்த நாட்களைப்போல் பிறகு ஒரு நாளும் வாய்க்கவில்லை. போய்ப் பேச எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். வீம்பு விடவில்லை.

போன மாதம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆம்புலன்ஸ் வரும்வரை எனக்குப் பொறுமை ஏது? பக்கத்து வீட்டாரை அழைத்து அவரைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். லோரிகள் குழி பறித்த ரோடு. ஒவ்வொரு குழிக்கும் பின்னாலிருந்து ஒரு முனகல்.

“மெதுவாப் போம்மா,” என்றார் அப்பா. “ஓட்டுறது நீ. குலுங்குறது நான்.”

என் கால் தானாகத் தளர்ந்தது. முள் நாற்பதில் வந்து நின்றது. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. புனிதன் அன்று சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்பாவுக்கு அறுவைசிகிச்சை நல்லபடி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு ஞாயிறு மத்தியானம் புனிதன் வீட்டுக்குப் போனேன். அவனுக்குத் தலை நரைத்திருந்தது. மோட்டார் சைக்கிள் அதேதான். அன்று நீ சொன்னதுதான் சரி, நான் பேசியது தப்பு என்று நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அவன் உள்ளே போய்ச் சுருட்டி வைத்த மணிலா அட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தான். பாலத்தின் ஓரத்தில், பேருந்துக்காக நாங்கள் வைத்த அழிப்பான் அப்படியே ஒட்டியிருந்தது.

“இதை நீ விழவிடலையா?”

“உன் முறை இன்னும் முடியலையே.”

முதல் தடவையாக நான் பாலத்தைவிட்டு மற்ற இடங்களைப் பார்த்தேன். கீழே கடலோரம் ஜெராம். அங்கே பென்சிலால் குட்டிக் குட்டிப் படகுகள். படகுகளுக்குப் பக்கத்தில் கம்பு நட்டுக் காயப்போட்ட வலைகள்.

“ஆளத் தொடமாட்டேன்,” என்றேன். “ஜெராம் வலையெல்லாம் எடுத்துட்டு வந்து பாலத்துக்குக் கீழ கட்டுறேன்.”

புனிதன் விதிப்புத்தகத்தைத் திறந்தான். விரல் வைத்து, வரிக்கு வரி, ஒரு பக்கம் முழுக்கப் படித்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

“வலைக்குக் கழுத்து இல்லலா,” என்று பகடையை என் பக்கம் தள்ளினான்.

இந்த வலைகளை எப்போது வரைந்தாய் என்று கேட்டேன்.

“கடைசியா ஆடுனோமே, அன்னிக்குக் காலையில. நீ பார்ப்பேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பகடையைக் கையில் எடுத்தேன், உருட்டவில்லை. சேதுவும் விஷாலினியும் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.