லினக்ஸ் சீடியோடு வந்தவர்

சீடி சுழலும் 'விர்ர்' சத்தத்தை எங்கே கேட்டாலும் அந்த மனிதரின் கைகள்தான் நினைவில் எழும். எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டியே இருக்கும் கைகள்.

போர் முடிந்த வருடம். எங்கள் வீட்டுக் கணினி திறக்க மறுத்தது. சுனாமி கொண்டுபோன தங்கச்சியின் படங்கள் அதற்குள் மட்டும்தான் இருந்தன. கேட்ட கடையிலெல்லாம், "முழுக்க அழிச்சாத்தான் சரிவரும்" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்க வந்திருந்த அந்த மனிதர் மட்டும், ஒல்லி உடம்பும் வெயிலில் கறுத்த முகமுமாக, விண்டோஸ் இல்லாமலே கணினியைத் திறக்கும் ஒரு லினக்ஸ் சீடியோடு வீட்டுக்கே வந்தார்.

"தம்பி, நீங்களே செய்யுங்களன். எனக்கு இதெல்லாம் விளங்காது."

"விளங்காட்டிப் பரவாயில்ல அண்ணன். உங்கட மெஷின், நீங்கதான் பட்டன அமத்தோணும். 'இன்ஸ்டோல்' எண்டத மட்டும் தொட்டுராதீங்க, எல்லாம் அழிஞ்சிரும். இது சீடியிலேயே ஓடும்."

அமத்தினேன். பழக்கமில்லாத மண்ணிறத் திரை விரிந்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்தேன். தங்கச்சி சிரித்தாள். நான் அழுதேன். அவர் கைகளைப் பின்னால் கட்டியபடி சன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. சைக்கிளில் ஏறியவரிடம் வாசல் படலையடியில் நன்றி சொன்னேன்.

"நன்றிய விடுங்க அண்ணன். அந்தப் படங்கள இன்னொரு சீடியில போட்டு, கடலுக்குத் தூரமான வீடொண்டுல குடுத்து வையுங்க. எங்கட வீட்டுல ஒரு படமும் மிஞ்சல்ல."