கொம்புக்கு அடித்த மிச்சப் பெயிண்டு

அப்போது ஏம்பலத்தில் எங்களிடம் பழைய ஜீப்பு இருந்தது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை, பின்லைட்டைக் கழற்றிவிட்டு ஜீப்புக்கும் நானே அடித்தேன். திரும்ப மாட்டினால் பிரேக் லைட்டு எரியவில்லை. பல்பு மாற்றியும் எரியவில்லை.

மெக்கானிக், "பெயிண்டு மறைச்சு எர்த்து கெடைக்கலம்மா, வண்டி இரும்புல பட்டாதான் கரண்டு ஓடும், லைட்டு உக்கார்ற எடத்துல சுரண்டணும்" என்றார்.

"இன்னா, நான் அடிச்சதைச் சுரண்டுவியா? போய் வேலையப் பாருப்பா" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஆடு குறுக்கே வர, ஜீப்பை ஓட்டிப்போன என் வூட்டுக்காரர் பிரேக் போட்டார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த என் கொழுந்தன் பிரேக் போட்டது தெரியாமல் மோதிக் காலை முறித்துக்கொண்டார். "நீ பெயிண்டு அடிச்ச அழகுக்கு என் காலுதான் கெடச்சுதா அண்ணி?" என்றார்.

அன்றே கத்தியால் நானே சுரண்டினேன், லைட்டு எரிந்தது. இப்போது எந்த வண்டி கிளம்பினாலும் பின்னால் நின்று, சிவப்பு எரிவதைப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். கொழுந்தன் எங்கள் வாசல் வழியாகத்தான் நொண்டிப் போகிறார். திரும்பிப் பார்ப்பதில்லை.