கிரேன்காரர் வாங்கிய காபி பாத்திரம்

சூப்பர்வைசருக்குத் தயக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. செருப்புக் கடைக்குப் போனால் முதல் ஜோடியைப் போட்டு நாலடி நடந்து பார்ப்பாள். அந்தச் செருப்போடேயே வீட்டுக்கு வந்துவிடுவாள். கல்யாணமும் அப்படித்தான் முடிவானது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் என்று சொன்னார்கள், ஆளை ஒரு தடவை பார்த்தாள், சரி என்றுவிட்டாள். அந்த முடிவைப் பற்றி அவளுக்கு இன்றுவரை மறுயோசனை வந்ததில்லை. அவருக்கு வந்திருக்கலாம், ஆனால் சொல்ல வாய்ப்புக் கிடைத்திருக்காது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக் கூடம் அவள் கையில் இருந்தது. மூட்டை மூட்டையாக அழுக்கு விரிப்புகள் ஒரு வாசலில் வரும், மடித்த விரிப்புகள் மறு வாசலில் போகும். நடுவில் ஆவி, இரைச்சல், ஈரத் துணி வாடை, அவளுடைய குரல். மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி அந்தக் குரல் வீட்டிலும் இறங்க மறுத்தது. தெருவில் எல்லோரும் அவளை சூப்பர்வைசர் என்றார்கள். கட்டின புருஷனும் அப்படித்தான் கூப்பிட்டார், ஆனால் அவர் சொல்லும்போது அதில் ஒரு சிரிப்பு இருக்கும்.

இப்பேர்ப்பட்டவளுக்குக் காபி போடத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து காலைக் காபி கிரேன்காரர் வேலை. மேல் பாதியும் கீழ் பாதியும் திருகிச் சேர்க்கிற பழைய காபி பாத்திரம் ஒன்று வைத்திருந்தார். அதை அவர் திருகினால் இன்னொருவர் பிறந்து வந்துதான் திறக்க வேண்டும், அவ்வளவு இறுக்கம். காபி கொதித்து மேலே ஏறுகிற நேரத்தில் பாலைச் சூடாக்கி, அவள் தலை வாரி முடிப்பதற்குள் கப்பை அவள் பக்கத்தில் கொண்டு வந்து வைத்துவிடுவார். குடித்துவிட்டு அவள் ஏதாவது குறை சொல்வாள். அவர் பதிலுக்கு ஒன்று சொல்வார். அந்த வீட்டில் பொழுது விடிவது அப்படித்தான்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். கால் தேறி, கைத்தடி ஊன்றி நடக்க ஆரம்பித்தார். குழறிய பேச்சும் சரியாகிவிட்டது. வலது கை மட்டும் திரும்பி வரவில்லை. தோளை அசைக்க முடிந்தது, முழங்கையும் கொஞ்சம் மடங்கியது. விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு காலத்தில் ஒரு லாரியையே தூக்கி ஒரு கோட்டின் மேல் இறக்கி வைத்த கை அது. இப்போது ஒரு ஸ்பூனைப் பிடிக்காது.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், யாரிடமும் சொல்லாமல் அடுக்களைக்குள் போய் அந்தப் பாத்திரத்தைத் திறக்கப் பார்த்திருக்கிறார். தொடை நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் திருகியிருக்கிறார். பாத்திரம் நழுவித் தூள் டப்பா மேல் விழுந்து, காபித் தூள் தரை முழுக்கச் சிதறிவிட்டது. சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஓடி வந்தாள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் பெருக்கி, துடைத்து, பாத்திரத்தைக் கழுவி மேல் தட்டில் ஏற்றிவிட்டு, நீங்க போய் உக்காருங்க, எல்லாம் நான் பாத்துக்கறேன் என்றாள். அவர் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான், அதன் பிறகு அடுக்களைப் பக்கமே வரவில்லை.

அன்றிலிருந்து அவள்தான் காபி போட்டாள். அதைக் காபி என்று சொன்னால் காபி கோபித்துக்கொள்ளும். பழைய மனுஷனாக இருந்தால், என்னம்மா, சலவைக் கூடத்துத் தண்ணியைப் பிடிச்சுட்டு வந்துட்டியா என்று கேட்டிருப்பார். இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார். கப்பைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான் இருந்தது. அதைப் போய் என்ன பார்க்கிறார் என்று அவளும் எட்டிப் பார்த்தாள்.

வெளியூரில் இருக்கும் மகளிடம் ஒரு நாள் போனில் சொன்னாள்: "உங்கப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கிட்டு வந்துட்டேன். ஆனா அவர் இன்னும் வீடு வந்து சேரலடி."

மகள் பெரிய டிவி வாங்கலாம் என்றாள். சூப்பர்வைசர் போனை வைத்தபோதே முடிவெடுத்துவிட்டாள். டிவி இல்லை, புதுக் காபி பாத்திரம். ஒற்றைக் கையால் போடுகிற மாதிரி ஒன்று உலகத்தில் இல்லாமலா போய்விடும்? அவர் காபி போட்டால் மனுஷன் திரும்பி வந்துவிடுவார். அவளுக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை.

கடையில் காபி பாத்திரங்களுக்கென்றே ஒரு சுவர் இருந்தது. விற்பனைக்காரர் வாய் ஓயாத ஆள். கண்ணாடிக் குடுவை வைத்த மெஷினைக் காட்டி, காபி இறங்குவதை நீங்கள் கண்ணாலேயே பார்க்கலாம் என்று உருகினார். விழுந்தா உடையுமா என்று கேட்டாள். கவனமாக வைத்தால் உடையாது மேடம் என்றார். விழும், அதை ஒத்துக்கிட்டு மேலே பேசுங்க என்றாள். ஆள் மரியாதையாக எவர்சில்வர் பக்கம் நகர்ந்தார்.

அங்கே அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திறந்து பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். திருகு வைத்ததெல்லாம் போயிற்று. ஒன்றில் இரண்டு பக்கமும் அமுக்கினால்தான் மூடி கழன்றது. இதைச் செய்தவனுக்குக் கை மூன்று இருந்திருக்கும் என்று அதைத் திருப்பி வைத்தாள். கையில் அடியா மேடம் என்று விற்பனைக்காரர் பரிதாபமாகக் கேட்டார். அதற்குள் அவள் தேடியது கண்ணில் பட்டுவிட்டது. பளபளவென்று எவர்சில்வர் உடம்பு, எவர்சில்வர் ஜாடி, முன்னால் பெரியதாக ஒரே ஒரு பட்டன். தட்டினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். பில் போடுங்க என்றாள்.

மறுநாள் விடியுமுன்னே எழுந்து தண்ணீர் ஊற்றி, தூளை அளந்து போட்டு, ஜாடியைப் பொருத்தி, கிரேன்காரரைக் கையோடு அழைத்து வந்து நிறுத்தினாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. அமுக்குங்க என்றாள். அவர் இடது கைச் சுட்டுவிரலால் பட்டனை அமுக்கினார். மெஷின் உறுமியது, காபி சொட்டியது. வாசனை நன்றாகவே இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது காபி போடுது. நான் எதுக்கு?" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தண்ணி நீ ஊத்தின. தூள் நீ போட்ட. கடைசியில என்னைக் கூப்பிட்டு ஒரு பட்டனைத் தட்டச் சொல்ற. உப்புக்குச் சப்பாணியா நான்?"

கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஜன்னலுக்கே போய்விட்டார். சூப்பர்வைசருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கடை கடையாக ஏறி இறங்கியது யாருக்காக? (ஒரே கடைதான். கோபத்தில் அவளுக்குக் கடைகள் பெருகிவிட்டன.) நன்றி வேண்டாம், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா? அந்தக் காபியைத் தொடாமலே வேலைக்குக் கிளம்பினாள்.

அன்றைக்குச் சலவைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அகப்பட்டாள். விரிப்பின் மூலைகளைச் சேர்க்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் வழக்கம்போல அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி, உதறி, கண் மூடித் திறப்பதற்குள் மடித்து அடுக்கினாள். அடுத்ததையும் மடித்தாள். அதற்கடுத்ததையும். நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பெண் வெறுங்கையோடு நின்றாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதலில் கட்டிக்கொண்டாள், பிறகு தொங்கப் போட்டாள். கண் மேஜையைவிட்டு விலகி எங்கேயோ சுவரைப் பார்த்தது.

அந்தப் பார்வையைத்தான் சூப்பர்வைசர் தினமும் வீட்டில் பார்க்கிறாள். ஒரு விரிப்பை எடுத்து அந்தப் பெண் கையில் கொடுத்தாள். மெதுவா மடி, ஒண்ணும் அவசரமில்ல என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததைக் கேட்டு இஸ்திரி போடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் மெஷினை மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கிரேன்காரர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியலங்க," என்றாள். "காபி போடறது உங்க வேலை. எது சரிப்படும்னு நீங்கதான் பாக்கணும். வர்றீங்களா?"

எனக்குத் தெரியலை என்று அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு, சட்டையை மாத்திக்கறேன், இரு என்றார். பட்டன் போட வெகுநேரம் ஆனது. அவள் வாசலில் நின்று, தன் இரண்டு கைகளையும் தோளில் மாட்டிய பைக்குள் விட்டு அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் பலகையே தொங்கியது. விற்பனைக்காரர் அதைக் காட்டினார். நான் திருப்பித் தரலை, மாத்திக்க வந்திருக்கேன், அதுக்குப் பலகை எங்கே என்று சூப்பர்வைசர் கேட்டாள். சலவைக் கூடத்துக் குரலில் கேட்டாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்ததில், மாற்றிக்கொள்ளலாம் என்று ஆனது.

கிரேன்காரர் சுவரோரமாக மெல்ல நடந்து பார்த்தார். ஒரு பாத்திரத்தை விரலால் தள்ளினார், அது ஆடியது. வேண்டாம் என்றார். அடி கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை பட்டதும் சாய்ந்துவிடும் என்று விளக்கினார். இன்னொன்றின் கைப்பிடி பார்க்க அழகாக இருந்தது, ஆனால் நிறைந்த பிறகு கனம் முழுக்க ஒரு பக்கமாக இழுக்கும் என்று தள்ளிவிட்டார். அவர் இத்தனை வாக்கியம் ஒரே மூச்சில் பேசி மாசக்கணக்காகிறது. விற்பனைக்காரரே இப்போது வாயை மூடிக்கொண்டு கேட்டார்.

கடைசியில் ஒன்றின் முன்னால் நின்றார். பருத்த எவர்சில்வர் ஜாடி. அதில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்ற வேண்டும். மூடி நடுவில் இருக்கும் தண்டைக் கீழே அழுத்தினால், தண்டின் நுனியில் உள்ள சல்லடை தூளையெல்லாம் அடியோடு அமுக்கிவிடும், காபி மேலே நிற்கும். கொஞ்சம் தண்ணி ஊத்தித் தாங்க என்று கேட்டார். மூடி திருகு இல்லை, வைத்தால் உட்கார்ந்துகொண்டது. இடது கையால் வைத்தார். பிறகு அதே இடது கையால் தன் வலது கையைத் தூக்கினார், வேறு யாருடைய கையையோ தூக்குகிற மாதிரி. அந்த உள்ளங்கையைத் தண்டின் குமிழ்மேல் வைத்தார்.

உதவிக்குப் பாய்ந்த விற்பனைக்காரரின் சட்டைக் கையை சூப்பர்வைசர் இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள்.

கிரேன்காரர் இடது கையால் ஜாடியைப் பிடித்துக்கொண்டு வலது தோளைச் சாய்த்தார். விரல்கள் பிடிக்கவில்லை, பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. தோளின் கனம் கைவழியே இறங்கியது. தண்டு கோணியது. நிமிர்த்திவிட்டு மறுபடி சாய்ந்தார். நெற்றி வேர்த்தது. தண்டு மெல்ல மெல்ல இறங்கி அடியைத் தொட்டது.

"இந்தக் கைக்கு வேலை இருக்கு," என்றார் அவளைப் பார்த்து. "இதையே கட்டச் சொல்லு."

சூப்பர்வைசர் நட்ட நடுக் கடையில் அழுதாள். மறைக்கவுமில்லை. மேடம், வேற மாடல் வேணுமா என்று விற்பனைக்காரர் பதறிப்போய்க் கேட்டார்.

மறுநாள் காலை அவள் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்வது சுலபம், அந்த உட்காருதலுக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். தூள் கொஞ்சம் மேடையில் கொட்டியது, எழுந்திருக்கவில்லை. வெந்நீர் ஓரமாக வழிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். தண்டு ஒரு தடவை சிக்கிக்கொண்டது. அவர் ஏதோ முணுமுணுத்தார், துறைமுகத்துக் கெட்ட வார்த்தை போலிருந்தது. பிறகு தோளைச் சாய்த்தார், தண்டு இறங்கியது.

கப்பை அவரே கொண்டு வந்தார். கைத்தடியும் கப்பும் ஒரே கையில் முடியாது, அதனால் கைத்தடியை அடுக்களையிலேயே விட்டுவிட்டு, அலமாரி மேல் தோளை உரசிக்கொண்டு வந்தார். கப்பு பாதிதான் நிறைந்திருந்தது. எதிரே நின்றார்.

அவள் ஒரு வாய் குடித்தாள். விஷமாகக் கசந்தது. நாக்கில் தூள் வேறு நெருடியது. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் அவர் தோளை அசைத்தாலே எல்லோரும் பிரமாதம் பிரமாதம் என்று கைதட்டினார்கள், அவளும் தட்டியவள்தான். இப்போதும் அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எத்தனை பேரை வேலை வாங்கியவள் அவள். கூடத்தில் குறை சொல்வது வேலை செய்கிறவர்களிடம் மட்டும்தான். சும்மா நிற்கிறவர்களிடம் என்ன குறையைச் சொல்வது?

"கசக்குதுங்க," என்றாள். "தூளும் வருது."

அவர் கப்பை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"ஆமா. தூள் ஜாஸ்தி, அழுத்தினதும் அவசரம்," என்றார். "நாளைக்குச் சரியாப் போடறேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த மனுஷன் நாளைக்கு என்று ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. சூப்பர்வைசர் மிச்சக் காபியை அவர் கையிலிருந்து வாங்கி, தூளோடு சேர்த்து ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.