ரெப் கன்னியப்பன் கொடுத்த அவுட்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஏரிக்கரையில் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தபோது மீஞ்சூரிலிருந்து போன் வந்தது. கன்னியப்பன் அண்ணனின் மனைவி. "உங்கண்ணன் போய்ட்டாருப்பா சேகரு. ஊர்ல சொல்லிடு" என்றார். பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். "எந்தக் கன்னியப்பன்?" என்று கேட்டார்கள். "நம்ம ரெப்பு" என்றால் உடனே புரிந்திருக்கும். வாய் வரவில்லை.

அந்தப் பேரை வைத்ததே நான்தான். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பேர் என் உபயம். என் மாமியாருக்கு வைத்ததை இங்கே எழுத முடியாது. அண்ணன் எங்கள் பக்கத்துக் கபடி ஆட்டங்களுக்கெல்லாம் நடுவர். ரெப்ரீ என்று முழுசாகக் கூப்பிடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும் என்று ரெப் ஆக்கினேன். களத்தில் "ரெப்!" என்று கத்தினால், நீ பார்த்ததைச் சொல் என்று அர்த்தம். போகப்போக அது களத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. ஏரியில் யார் வலை யார் இடத்தில் விழுந்தது என்று தகராறு வந்தால் "ரெப்பக் கூப்புடுங்கடா" என்பார்கள். புருஷன் பொய் சொன்னால் பெண்டாட்டிகூட, "இன்னா, ரெப்பக் கூப்புடட்டா?" என்று மிரட்டுவாள்.

ஒரு தடவை சொந்த மச்சானுக்கே அவுட் கொடுத்தார். மச்சான் முறைத்தான். "விசில் வாயில இருக்கும்போது எனக்கு மச்சானும் கெடையாது, மாமனும் கெடையாது" என்றார் அண்ணன். "இன்னிக்கு வூட்ல சோறும் கெடையாது" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான்.

அப்புறம் அந்த ஃபைனல். திருவிழா ஆட்டம், நாங்களும் சுண்ணாம்புக்குளம் ஊர் டீமும். கடைசி ரெய்டு என்னுடையது. ஒருத்தனைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் கப் எங்களுக்கு. தொட்டேன், திரும்பினேன். அண்ணன் விசில் அடித்தார். "கால் கோட்டுக்கு வெளிய. அவுட்" என்றார். கால் உள்ளேதான் இருந்தது என்று கங்கையம்மன் மேல் சத்தியம் செய்தேன். செய்துவிட்டுக் கோபம் வந்தவன் மாதிரி நேராக ஏரியில் இறங்கிக் காலைக் கழுவினேன்.

ஊர் என்னை நம்பியது. "ஊரை வித்துட்டான்யா" என்று ஒருத்தர் அண்ணன் கழுத்திலிருந்த விசிலைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தார். இன்னொருத்தர் கன்னத்தில் அறைந்தார். அண்ணன் அடித்தவரைப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் இருந்த என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் அவரை ஊரை விட்டுத் தள்ளிவைக்கவில்லை. ரெப் என்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். "கன்னியப்பன் வராரு", "கன்னியப்பன் போறாரு." மரியாதையாகத்தான். ஆட்டத்துக்கும் கூப்பிடவில்லை, தகராறுக்கும் கூப்பிடவில்லை. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு படகை விற்றுவிட்டு மீஞ்சூரில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாகப் போய் நின்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மீஞ்சூர் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். காக்கிச் சட்டை தொளதொளவென்று இருந்தது. "நல்லா கீறீங்களாண்ணே?" என்றேன்.

"இன்னாடா புதுசா அண்ணே? நீ வெச்ச பேரு மறந்துபோச்சா?"

நான் இளித்தேன்.

"குதிகால்ல இருந்த சுண்ணாம்பு போச்சாடா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஊரையே கேலி பண்ணுகிற நான், ரயில் வருகிறதா என்று தண்டவாளத்தை எட்டிப் பார்த்தேன். ரயில் வந்தது. நான் ஏறும்போது, "நீ ஒரு வார்த்த சொன்னா ஊரு கேக்கும், சேகரு. எனக்கு அங்க வந்து சாவணும்" என்றார். "பாக்கலாம்ணே" என்றேன். நான் பார்க்கவே இல்லை. அவர் மீஞ்சூரிலேயே செத்தார், அங்கேயே எரித்தார்கள். எங்கள் ஊரிலிருந்து போனது ஆறு பேர்.

நாளைக்கு இங்கே படத்திறப்பு. படத்துக்குக் கீழே வெறும் பேரை எழுதிக்கொண்டு வந்தார்கள். முன்னால் ரெப் என்று போடச் சொன்னேன். "ஏன்? அந்த ஃபைனல் மறந்துட்டியா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோடு போட்ட சுண்ணாம்பு என் குதிகாலில் ஒட்டியிருந்தது. அதைத்தான் ஏரியில் கழுவினேன். அண்ணன் போன பிறகு எனக்கென்று மிச்சம் இருப்பது அந்தக் குதிகால் ஒன்றுதான். கழுவியும் என் கண்ணுக்கு அது இன்னும் வெள்ளையாகத்தான் தெரிகிறது.

நான் அவுட்டுதான், ரெப்பு.