வள்ளி வரைந்த கிணறு

இன்று அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், நாந்தான் வள்ளி. திருச்சுழில ரெண்டாப்பு உங்ககிட்ட படிச்சேன்."

எழுபதுகளில் மழை பொய்த்த வருடம். கரித்துண்டு, செங்கல், சாக்பீஸ் எல்லாம் பரப்பி, பிள்ளைகளிடம் அவரவருக்குப் பிடித்ததை வரையச் சொல்வேன். வள்ளி கரியால் வகுப்புத் தரையில் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினாள்.

"என்னத்தா இது?"

"எங்கம்மா தண்ணி அள்ள எறங்குன கெணறு டீச்சர். மண்ணு சரிஞ்சு மூடிருச்சு."

தலைமையாசிரியர் அழிக்கச் சொன்னார். "மாம்பழம் வரையச் சொல்லிக்குடுங்கம்மா."

நான் மறுத்தேன். மறுநாள் தரை கழுவப்பட்டிருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில்.

வள்ளி இறங்கும்போது சொன்னாள்: "அம்மா பேச்ச வீட்டுல யாரும் எடுக்க விடல. நீங்கதான் டீச்சர் கேட்டீக."

உங்களுக்குப் பள்ளியில் என்ன வரையச் சொன்னார்கள்? இரண்டு மலை, நடுவில் சூரியன்தானே?